கப்பலுக்கு இருபது நாள்

நிலா தேய்ந்து முடிவதற்குள் இரண்டு வெண்கல புஷ்கள் ஜொகூர் வந்து சேர வேண்டும். அவை இருந்ததோ சென்னைக்கு மேற்கே, மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில். பட்டறையில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். என் முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். மலேசியாவில் பிறந்து வளர்ந்த நான் முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது இப்படித்தான். கோயிலுக்கு இல்லை, கல்யாணத்துக்கு இல்லை, புஷ்ஷுக்கு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றோரம் இருக்கும் எங்கள் தளத்தில் இழுவைப் படகுகள் கட்டுகிறோம். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் முட்டித் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும் குட்டைக் கப்பல்கள். எந்தத் தகடு என்றைக்கு வர வேண்டும், எந்தக் குழாய் எந்த அறையை மூடுவதற்கு முன்னால் உள்ளே போக வேண்டும், கிரேன் எந்த மணிக்கு யாருக்கு என்று கட்டம் போடுவது நான். கப்பல் அட்டவணையைத் தலைகீழாகத்தான் எழுத வேண்டும்: கடைசி நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னால் நடந்து வர வேண்டும். அந்தக் கடைசி நாளும் எங்கள் கையில் இல்லை. சறுக்குத் தளத்திலிருந்து படகு இறங்க ஆற்றில் தண்ணீர் உச்சத்துக்கு ஏற வேண்டும். அமாவாசையை ஒட்டி ஒருமுறை ஏறும், பௌர்ணமியை ஒட்டி ஒருமுறை ஏறும். இடையில் என்ன கெஞ்சினாலும் ஏறாது.

புஷ் என்பது, புரொப்பெல்லர் தண்டு படகைவிட்டு வெளியே போகும் குழாய்க்குள் அமரும் வெண்கல உருளை. தண்டுக்கு ஒன்றாக இரண்டு. அவை இல்லாமல் தண்ணீரில் இறக்கினால் கிடைப்பது இழுவைப் படகு அல்ல, நீர்மூழ்கி. வரும் அமாவாசையைத் தவறவிட்டால் அடுத்த படகுக்கான தகடுகள் இரண்டு வாரம் வெயிலில் கிடக்கும். அதைக் கட்ட வந்திருக்கும் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதோடு, நான் தனியாகப் போட்ட முதல் அட்டவணை அது. தளத்தின் சுவரில் என் பெயரோடு தொங்குகிறது.

திங்கட்கிழமை காலை பட்டறை வாசலில் போய் நின்றபோது என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. உள்ளே எட்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நான் யார், எந்த ஊர் என்று கத்திச் சொன்னேன். அரைமணி நேரத்தில் என் பெயர் காணாமல் போய்விட்டது. டீக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் நான் ‘மலேசியா’.

போர்மேன் பெயர் தயாளன். முப்பத்தைந்து வயதிருக்கும், காதில் பென்சில், சட்டைப்பையில் ஸ்கேல். என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் ‘மாமாக்’ என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் கடையில் ‘தே தாரே’, அதாவது இழுத்து ஆற்றிய டீ, ஒரு குவளை வாங்கினால் ஒரு கூட்டத்தையே நடத்தி முடிக்கலாம். இங்கே நாலு மடக்கில் டம்ளர் காலி. பேச்சு மட்டும் நாள் முழுக்க ஓடுகிறது. புஷ் எங்கே என்று கேட்டேன். கட்டை விரலால் மூலையைக் காட்டினார். கோணிப்பையின் மேல் இரண்டு வார்ப்புகள், ஊற்றிய கோலத்திலேயே, கடைசல் படாமல் கிடந்தன. கேட்ட தேதி வருகிற வெள்ளிக்கிழமை.

என் முகம் போன போக்கைப் பார்த்துத் தயாளனே சுவர்ப் பலகையிடம் கூட்டிப்போனார். கரும்பலகையில் மூன்று பத்திகள்: வேலை, கேட்ட தேதி, நெஜ தேதி. ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் பக்கத்தில் சிவப்புச் சாக்கட்டியில் ஓர் எண். கார் கம்பெனிக்குச் சைபர். பூந்தமல்லி பம்ப் பாய்க்கு எட்டு. ‘கப்பல்’ என்பதற்கு நேராக இருபது. கேட்ட தேதியோடு சிவப்பு எண்ணைக் கூட்டினால் வருவதுதான் நெஜ தேதி. கார் கம்பெனி சொன்ன நாளில் சரக்கு போகாவிட்டால் அங்கே லைன் நின்றுவிடும். அதனால் அவர்கள் சொல்வது சொன்னபடி. பம்ப்காரர் எட்டு நாள் முன்கூட்டிக் கேட்பவர். கப்பல்காரர்கள் இருபது.

“யார் போட்ட கணக்கு இது?” என்று கேட்டேன்.

“நீங்க போட்டதுதான் நைனா. ரெண்டு வருசம் முந்தி அவசரம் அவசரம்னு குதிச்சீங்க. காணும் பொங்கலுக்குக் கூட லீவ் உடாம ஓட்னோம். இருபது நாள் கழிச்சு எங்க ஓனர் உங்க ஊருக்கு வந்தாரு. நாங்க அனுப்புன பொட்டி ஸ்டோர்ல மூடுன மேனிக்கே கீது. ஒரு ஆணி கூட கழட்டல. போட்டோ புட்ச்சிகினு வந்து காட்னாரு.”

பெரிய உருளைகளைக் கடையும் போரிங் மெஷினிலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். ரேவதி. அயப்பாக்கத்துக்காரி, வீட்டில் இன்னும் இரண்டு எருமை உண்டு, காலையில் பால் ஊற்றிவிட்டு வேலைக்கு வருகிறவள். எங்கள் புஷ்ஷைக் கடைய வேண்டியது அவள்தான். அந்தக் காணும் பொங்கலன்று மெஷின் ஓட்டியதும் அவள்தான். “எங்க ஊட்ல எல்லாரும் பீச்சுக்குப் போனாங்க. நான் உங்க பொட்டிக்கு வேல செஞ்சேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் பலகையிலிருந்த சிவப்பு இருபதையே பார்த்தேன். அதற்குப் பின்னால் நான் அவர்களிடம் சொல்லாத ஒரு கதை இருந்தது. அந்த இருபது நாளைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துக் கேட்டவர் எனக்கு முன்னால் இருந்தவர். நான் பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலையாக அட்டவணையில் பதுங்கியிருந்த பொய் நாட்களையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையாக எப்போது தேவையோ அந்தத் தேதியையே எழுதினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் இனிமேல் உண்மை பேசப்போகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆவடி போனேன். எங்கள் தளத்தில் வேலை செய்யும் சுரேஷின் அப்பா அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருக்கிறார். அவர்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்கல். சுரேஷின் அம்மா திருநெல்வேலிப் பக்கம். ஐந்து இட்லியோடு நான் கையை எடுத்தபோது, “கப்பல் கட்டுத ஆளு சாப்பிடுத சாப்பாடா இது?” என்று மேலும் இரண்டை வைத்தார். பிறகு அவருக்குப் பிடித்த காரியத்தில் இறங்கினார்: மறுநாள், மறுநாளைக்கு மறுநாள் எங்கெங்கே மின்தடை என்று பேப்பரில் வரும் பட்டியலை உரக்கப் படிப்பது. ஊர் ஊராக வந்துகொண்டிருந்த குரல் மண்ணூர்பேட்டையில் நின்றது. “புதன்கிழமை, காலம்பற ஒம்பதுலேருந்து மத்தியானம் ரெண்டு வரை. பராமரிப்புப் பணி. தம்பி, உங்க பட்டறை அங்கதானே?”

வெளியே வந்து நின்றேன். குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு மேலே பௌர்ணமி நிலா. இந்த நேரத்துக்கு எங்கள் ஆற்றில் தண்ணீர் சறுக்குத் தளத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடுத்து அது அங்கே ஏறும்போது படகு கிளம்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆவடி நிலையத்தில் காலி ரயில் ஒன்று நின்றது. எங்கள் ஊர் ரயிலில் கதவு மூடினால்தான் வண்டி நகரும். இங்கே கதவென்று ஒன்று இருப்பதையே யாரும் சட்டை செய்யவில்லை. ஜன்னலோர இடம், காற்று, கூட்டமே இல்லை. இந்த ஊரைப் பற்றி எல்லாரும் வீணாகப் பயமுறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரயில் சரியான திசையில்தான் போனது. கொஞ்சத் தூரம் போய், மற்ற தண்டவாளங்களைவிட்டு ஒதுங்கி, வரிசையாக வேறு ரயில்கள் தூங்கும் ஓர் இடத்தில் போய் நின்றது. அண்ணனூர் ஷெட். துடைப்பத்தோடு ஏறிய அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா தம்பி, வண்டி கழுவ வந்தியா?”

அங்கிருந்து ஒரு வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து, ஷேர் ஆட்டோவில் அரை உடம்பு உள்ளேயும் அரை உடம்பு வெளியேயுமாகப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அந்தப் பயணத்தில் ஒரு நன்மை: நேற்று சொல்லாததைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். சொன்னேன். பழைய தேதிகளெல்லாம் பொய், இந்த முறை சொன்னது நிஜம், அதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. போனில், தண்ணீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை எடுத்து நீட்டினேன். தயாளன் அதைப் பார்க்கவே இல்லை. தேதி என்று எதைக் காட்டினாலும் அவருக்குக் கண் மூடிக்கொள்ளும் போலிருந்தது.

“அமாவாசையன்றைக்குத்தான் தண்ணீர் ஏறும்” என்றேன், கடைசி முயற்சியாக.

அவர் நிமிர்ந்தார். நேராகச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிடம் போனார். முந்தைய நாள் தாள், பௌர்ணமி என்று போட்டது, இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. கிழித்தார். மாதம் தவறாமல் அமாவாசைக்குப் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைக்கிறவர் அவர்தான். தாள்களைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் போய் அமாவாசையைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து நான் பின்னோக்கிச் சொல்லச் சொல்ல அவரும் பின்னோக்கித் தள்ளினார். தண்டு கோத்து நேர் பார்க்க மூன்று நாள், புஷ் பொருத்த நாலு நாள், விமானமும் சுங்கமும் நாலு நாள். வெள்ளிக்கிழமைத் தாளில் வந்து விரல் நின்றது.

“இத மொதல்லயே சொல்ல வேணாமா? தேதின்னா மனுசன் போட்றது. முன்ன பின்ன இசுக்கலாம். அமாவாசய ஆரு இசுக்கறது?” தாளை உற்றுப் பார்த்தார். “வெள்ளிக்கெழம சங்கடஹர சதுர்த்தி வேற. சரி, புள்ளையார் அவரு வேலயப் பாத்துப்பாரு. நாம நம்ம வேலயப் பாப்போம்.”

சொல்வது சுலபம். ரேவதியின் மெஷினில் பம்ப் பாயின் வேலை ஏறியிருந்தது. எட்டு பம்ப் உடல்கள். மூன்று முடிந்து நாலாவது ஓடிக்கொண்டிருந்தது. எட்டும் முடிய வியாழக்கிழமை ஆகிவிடும். நடுவில் நிறுத்தி எங்கள் புஷ்ஷை ஏற்றலாம். ஆனால் பிடிமானங்களைக் கழற்றி, புதிதாகக் கட்டி, நேர் பார்க்கவே அரை நாள் போகும். பாயின் சம்மதம் இல்லாமல் அவர் வேலையை இறக்க முடியாது என்று தயாளன் கண்டிப்பாகச் சொன்னார். பாய்க்கு உண்மையில் எப்போது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் என்ன என்றேன். ரேவதி சிரித்தாள். “எந்தக் கஸ்டமர் நெஜத்த சொல்லுவான் மலேசியா?”

போய்க் கேட்பதென்று கிளம்பினேன். ரேவதி சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விட்டாள். பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ தூண்கள் பக்கத்திலேயே ஓடிவந்தன. பஸ் எங்கே நிற்கிறதோ அங்கேயெல்லாம் ஒரு தூணைப் படிக்க நேரம் கிடைத்தது. தூணுக்குத் தூண் எண் போட்டிருந்தார்கள். அதன் அட்டவணையைப் போட்டவரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லத் தோன்றியது.

பம்ப் பாயின் பெயர் காதர். கடைக்குப் பின்னால் சின்ன அசெம்பிளி ஷெட். என்னை யாரென்று கேட்பதற்கு முன்னாலேயே பிரியாணிக்கு ஆளனுப்பினார். எங்கள் ஊர் பிரியாணியில் ஏலக்காய் முன்னால் வந்து நிற்கும். இது மிளகாயும் புதினாவுமாக நேரே மூக்குக்குப் போனது. பாதிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பொய்யிலிருந்தே ஆரம்பித்தேன்: காணும் பொங்கல், திறக்காத பெட்டி, சிவப்பு இருபது. காதர் பாய் எலும்பைக் கீழே வைத்தார்.

“எனக்கு எத்தினி போட்டுகீறான் தயா?”

“எட்டு.”

“எட்டா?” விரல் விட்டு எண்ணினார். “நான் பத்துன்னு நெனச்சு, பத்து சேத்து கேட்டுகினு கீறேன். அதான் எப்பவும் ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுது.” தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு அங்கேயே போனை எடுத்தார். “தயா, இந்த வாரம் நாலு போதும்டா. மீதி மாசக் கடைசில குடு. ஏய், இன்னொண்ணு. எனக்கு எட்டு வேணாம், பத்தா போடு.”

புதன்கிழமை. நாலாவது பம்ப் முந்தின நாள் சாயங்காலமே இறங்கிவிட்டது. காலை ஒன்பதுக்கு, பேப்பரில் போட்டபடியே, மின்சாரம் போனது. எட்டு மெஷின்களும் மூச்சை விட்டு அடங்கின. ஓடிக்கொண்டிருந்த பட்டறையைத்தான் எனக்குத் தெரியும். ஓய்ந்த பட்டறையில் பக்கத்துத் தெருக் கோழி கேட்டது. வழக்கமாக இந்த ஐந்து மணி நேரத்தில் எண்ணெய் துடைப்பார்கள், கதை பேசுவார்கள், ஒருவர் இருவர் தூங்குவார்கள்.

நான் முந்தின நாள் இரவு இட்லித் தட்டின் முன்னால் போட்ட கணக்கு இதுதான்: கடைசலுக்குத்தான் கரண்ட் வேண்டும், பிடிமானம் மாற்றக் கரண்ட் தேவையில்லை. வீணாகும் அரை நாளை, எப்படியும் செத்துப்போகும் அரை நாளுக்குள் செருகிவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தீரும். இதைச் சொன்னபோது தயாளன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, எழுத ஒன்றுமில்லாமல் மறுபடி செருகிக்கொண்டார்.

பளு தூக்கும் சங்கிலி பிளாக்கைக் கையால் இழுத்தோம். எனக்குக் கொப்புளம் வந்தது. வார்ப்பு அங்குலம் அங்குலமாக ஏறியது. ரேவதி போன் வெளிச்சத்தில் மையம் பிசகுவதைக் காட்டும் டயலை வைத்து, உருளையைக் கையால் சுற்றவைத்து, முள் அசைவதைப் பார்த்து, ஒரு போல்ட்டை முடி அளவு இறுக்கி, மறுபடி சுற்றவைத்தாள். எத்தனை முறை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினேழில் விட்டுவிட்டேன். ஒன்றே முக்காலுக்கு, “நிக்குது” என்றாள். முள் அசையவில்லை. இரண்டு மணிக்கு மின்விசிறி சுற்றியது, பட்டறை மொத்தமும் ஓவென்று கத்தியது. எங்கள் புஷ்தான் முதலில் சுழன்றது.

வியாழக்கிழமை பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. அட்டவணை போடுகிறவனுக்கு இதைவிடச் சலிப்பான, இதைவிட இன்பமான நாள் கிடையாது. முதல் புஷ் மதியம் இறங்கியது, இரண்டாவது ஏறியது. நான் சாலையோரக் கடையில் தர்ப்பூசணி சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே காலுக்கு இரண்டாவது புஷ் இறங்கியது. ஐந்து மணிக்குள் விமானச் சரக்ககத்துக்குக் கிளம்ப வேண்டிய வேன் இரண்டரைக்கே வந்து வாசலை அடைத்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. அளந்து, சான்றிதழ் எழுதி, பெட்டியில் ஆணி அடித்தால் முடிந்தது. மைக்ரோமீட்டரை எடுத்து ரேவதியிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. உருளையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“சூடா கீது. ஆறட்டும்.”

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். முக்கால் மணி என்றாள். நான் வாசலைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். காலையில் அளந்தபோது முதல் புஷ் எவ்வளவு அழகாக அளவில் நின்றது என்று நினைவூட்டினேன். நேற்று இறங்கிய அதை இன்று காலை, ஆறிய பிறகுதான் அளந்ததாக அவள் திருத்தினாள். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை, எங்கள் ஊரில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்ல வாய் வந்தது. நல்ல வேளை, அவள் முந்திக்கொண்டாள்.

“சூட்டோட அளந்தா வெண்கலம் பெருசா காட்டும் மலேசியா. இந்தப் பட்டறைல தேதி சொல்றவன் பூரா பொய் சொல்றான். இது ஒண்ணாவது நெஜம் சொல்லட்டும்.”

தயாளன் வேன் டிரைவரை டீக்கடைக்கு இழுத்துப்போனார். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெண்கலம் ஆறுவதைப் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடம். சரியாக நாலு மணிக்கு அவள் மைக்ரோமீட்டரை வாங்கி மூன்று இடங்களில் வெளிவிட்டத்தை அளந்தாள். வரைபடத்தில் கேட்ட அளவுக்குள்தான் இருந்தது. சூடாக இருந்தபோது அளந்திருந்தால் அதிகம் என்று மறுபடி மெஷினில் ஏற்றியிருப்போம். ஏற்றிக் கடைந்து அதைக் கெடுத்தும் இருப்போம்.

நாலரைக்கு வேன் கிளம்பியது. சுரேஷின் அம்மா காலையில் கட்டிக் கொடுத்த சதுர்த்திக் கொழுக்கட்டைகளை அப்போதுதான் பிரித்தோம். தயாளன் வாயில் கொழுக்கட்டையோடு பலகையிடம் போய் எங்கள் வரியை அழித்தார். ‘கப்பல்’ என்ற பெயரையும் அதன் பக்கத்துச் சிவப்பு இருபதையும் மட்டும் அழிக்கவில்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். “அது அப்பறம்” என்றார்.

ஊருக்கு வந்து நாலாவது நாள் பெட்டி வந்தது. ஸ்டோர்காரர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வழக்கமான அலமாரியை நோக்கிப் போனார். வழிமறித்தேன். நானே ஆணிகளைப் பிடுங்கினேன். இன்னும் ஆறாத கொப்புளத்தில் ரத்தம் வந்தது. புஷ்களை எடுத்துப் பொருத்துகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியை, பக்கத்தில் குவிந்த ஆணிகளோடு, படமெடுத்து தயாளனுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. நீல நிற டிக் மட்டும் வந்தது.

அமாவாசையன்று தண்ணீர் சொன்ன நேரத்துக்கு ஏறியது. படகு சறுக்கியது, மூக்கை ஒருமுறை முக்கி எழுந்தது, மிதந்தது. பின்பக்க அறைக்குள் இறங்கிக் குழாயைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மேலே வந்து படகைப் படமெடுத்து அனுப்பினேன். மண்ணூர்பேட்டையில் அப்போதுதான் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். இந்த முறை உடனே குரல் செய்தி வந்தது. பின்னால் எட்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.

“கப்பல் நல்லா கீது நைனா. ஆனா ரேவதி அந்த காலிப் பொட்டி போட்டோவத்தான் பிரிண்ட் போட்டு போர்டாண்ட ஒட்டிகீது. உன் இருபத அழிச்சிட்டேன். அஞ்சுன்னு போட்டுகீறேன். அடுத்த பொட்டியும் இப்டியே தொறந்தன்னா பாக்கலாம்.”